அச்சு புதிது, சரக்கு பழையது: சிறுவர் நூல் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவர் நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கப் புதிதாக வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது. அட்டையைப் பார்ப்பார்கள், பின்னட்டையைப் படிப்பார்கள், "இது பிள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது" என்று அடுக்கில் சேர்த்துவிடுவார்கள். நானும் அப்படித் தொடங்கியவள்தான் என்பதால் அடுத்து என்ன ஆகும் என்று தெரியும். பாதிப் புத்தகங்களை ஒரு பிள்ளையும் தொடாது. மீதியில் சிலவற்றைத் தொடாமலே இருந்திருக்கலாம்.

எழுத்து பொடியாக இருக்கிறது, கட்டு பிரிகிறது, மூன்று வயதுக் குழந்தைக்கு முந்நூறு பக்க நாவல் போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் யாரும் ஒருமுறைக்கு மேல் செய்ய மாட்டார்கள். செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறவை மட்டும் இங்கே.

ஆண்டைப் பார்க்காமல் அறிவுக் களஞ்சியம் வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் தீராத விஷயம் இது. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

பத்துத் தொகுதி. கெட்டி அட்டை, வழவழத் தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். நூலகத்தின் அந்த ஆண்டு நிதியில் பெரும்பங்கை அப்படியே விழுங்கிவிடும் விலை. "செட்டா வாங்கினா அலமாரிக்கே ஒரு களை வந்துடும்" என்றார் தேர்வுக் குழுவில் ஒருவர். வாங்கியாயிற்று. பதிப்பு விவரப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் கொட்டை எழுத்தில் சென்ற ஆண்டும், அதன் கீழே பொடி எழுத்தில் 'முதற்பதிப்பு 1991' என்பதும் கண்ணில் பட்டிருக்கும். இடையில் வந்தவை எல்லாம் மறு அச்சு. மறு அச்சு என்றால் பழைய பக்கங்களையே திரும்ப அடிப்பது. உள்ளே ஒரு வரிகூட மாறியிருக்க வேண்டியதில்லை. 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருந்தால்தான் யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அதையும் முழுதாக நம்பிவிட முடியாது. அட்டையை மட்டும் திருத்துகிறவர்களும் உண்டு.

அந்தத் தொகுதியில் சூரியனுக்கு ஒன்பது கோள்கள். புளூட்டோவைக் குறுங்கோள் என்று சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்டிலேயே வகை மாற்றிவிட்டது. சனிக்குப் பதினெட்டு நிலவுகள் என்று இருந்தது. 2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகளை ஏற்றுக்கொண்டபோது கணக்கு 274 ஆயிற்று. டைனோசர்கள் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தன, ஒன்றுக்கும் இறகு கிடையாது. 1996-இல் சீனாவில் இறகுத் தடத்தோடு சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் புதைபடிவம் வெளிச்சத்துக்கு வந்தது. 2007-இல் வெலாசிராப்டர் என்ற இன்னொரு டைனோசரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த முண்டுகளையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இவையாவது காலத்தால் பழசானவை. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று வண்ணம் பிரித்துக் காட்டும் படம் எழுதிய நாளிலேயே தவறு. 1901-இல் வெளிவந்த ஒரு ஜெர்மானிய ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் பிசகாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது அது. சுவை மொட்டு இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும் என்பதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், துளி உப்பு போதும்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பில் ஒன்பது கோள் என்று அடித்துச் சொல்லியிருக்கிறான். ஆசிரியர் திருத்தியிருக்கிறார். சாயங்காலம் தொகுதியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "அக்கா, புக்குலயே போட்டிருக்கே." புளூட்டோ கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இதை எதுக்கு இங்க வெச்சிருக்கீங்க?" என்றான். தேர்வுக் குழுவில் யாரும் கேட்காத கேள்வி.

எந்த அறிவியல் நூலை எடுத்தாலும் சில பக்கங்களைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். கோள்கள், டைனோசர், நாக்கு, தனிம வரிசை அட்டவணை (118 தனிமங்கள் இருக்க வேண்டும், 2016-இல்தான் கடைசியாக நான்குக்குப் பெயர் வந்தது). சிரைகளுக்குப் படத்தில் நீலம் தீட்டுவது வழக்கம்தான், ஆனால் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் நீலமாகவே இருக்கும் என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். வௌவாலுக்குக் கண் தெரியாது, ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது, சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும், மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்: இந்த ரகத் தவறுகளில் இரண்டு சிக்கினால் மூன்றாவதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சரிபார்க்காமல் எழுதுகிற பழக்கம் ஒரு பக்கத்தோடு நிற்காது.

பிறகு கடைசிப் பக்கங்கள். சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல்) இல்லாத தகவல் நூலில் பிள்ளைகள் எதையும் தேடி எடுக்க முடியாது. புரட்டிப் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். 'இத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன்' என்று சொல்கிற நூல், அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று இரண்டு வரியாவது சொல்கிறதா? சொன்னால் எழுதியவர் விஷயம் தெரிந்தவர்.

எல்லாத் துறையும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். முடிச்சுப் போடுவது, காகிதம் மடிப்பது, பறவைகளை அடையாளம் காண்பது பற்றிய நூல்கள் பல காலம் தாங்கும். விண்வெளி, மருத்துவம், கணினி, உலக வரைபடம் தாங்காது. 2011-இல் பிறந்த தென் சூடான் இல்லாத வரைபட நூல்கள் இன்னும் எத்தனையோ அலமாரிகளில் இருக்கின்றன. ஆகவே செட்டாக வாங்காதீர்கள். தொகுதி தொகுதியாகப் பிரித்துப் பாருங்கள், பிரித்துத் தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

பழையதைக் கழிக்கச் சொன்னால் சிலருக்கு மனம் வராது. நூலகம் ஒரு வளரும் உயிர் என்று, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் கடைசியைக் காட்டி, வளர வேண்டும் என்றால் எதற்குக் குறைக்கிறீர்கள் என்பார்கள். உயிருள்ளது எதுவும் கழிக்காமல் வளர்ந்து நான் பார்த்ததில்லை. கழித்ததை இன்னொரு சிறுவர் நூலகத்துக்கு நன்கொடையாகத் தள்ளிவிடுவதுதான் இருப்பதிலேயே மோசம். ஒரு தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய பிள்ளைகளிடம் கொடுத்து எங்கெங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். போட்டி போட்டுக்கொண்டு தேடுவார்கள்.

வாழ்க்கை வரலாற்றில் வசனம்

பிறந்த ஊர், ஆண்டு எல்லாம் சரியாக இருக்கும். நடுவில் ஐந்து வயது விஞ்ஞானி அம்மாவிடம் அரைப் பக்கம் பேசுவார். யார் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டார்களாம்? ஆப்பிள் விழுந்ததைப் பற்றி நியூட்டனே முதுமையில் நண்பர் ஸ்டக்லியிடம் சொல்லியிருக்கிறார். தலையில் விழுந்ததாகச் சொல்லவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட சிறுவன் வாஷிங்டன், அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வீம்ஸ் என்ற பாதிரியார் 1806-இல் சேர்த்த சரக்கு. பொய் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுக்க ஒரு கட்டுக்கதை! கற்பனை கலந்தது என்று முன்னுரையிலேயே ஒத்துக்கொள்கிற நூலைப் புனைவு அலமாரியில் வையுங்கள். ஒத்துக்கொள்ளாததை எங்கேயும் வைக்காதீர்கள்.

வாசிப்பு நிலை எண்ணை வேதவாக்காக எடுப்பது

ஆங்கில நூல்களில் 'இந்த வகுப்புக்கு ஏற்றது' என்று வரும் எண்ணைப் பார்த்தே அடுக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படிக் கணக்கிடும் சூத்திரங்களில் பெயர்பெற்ற பிளெஷ்–கின்கெய்ட், 1975-இல் அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்யப்பட்டது. வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்பதைத்தான் அது எண்ணும். உள்ளே போர் நடக்கிறதா, பொம்மைக் கல்யாணம் நடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. விகுதிமேல் விகுதி ஒட்டிக்கொண்டு சொல் நீளும் தமிழுக்கு அது நேராகப் பொருந்தவும் செய்யாது.

எட்டு வயதில் சரளமாக வாசிக்கும் பிள்ளையிடம், 'இவளுக்கு இதெல்லாம் சாதாரணம்' என்று பெரியவர்களின் துயரக் கதையைப் பெருமையோடு கொடுக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழுத்துக் கூட்ட முடிவது வேறு, தாங்க முடிவது வேறு. எதிர்ப்பக்கம் இன்னும் கொடுமை. பதின்மூன்று வயதில் தட்டுத் தடுமாறி வாசிக்கும் பையன் கையில் முயல்குட்டிப் படக்கதையைத் திணிப்பார்கள். அவன் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போவான், அல்லது போகவே மாட்டான். அவனுக்குத் தேவை குறுகிய வாக்கியங்களில் அவன் வயதுக்காரர்களின் கதை. பிள்ளைகள் பொதுவாகத் தங்களைவிட ஓரிரு வயது மூத்த பாத்திரங்களைத்தான் தேடுவார்கள்.

கடைசிப் பத்தியில் நீதியைத் தேடுவது

அந்தப் பத்தியைப் பிள்ளைகள் படிப்பதில்லை. நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்களுக்கே நாக்கு தடுக்கினால் வேண்டாம்.

சித்திரக்கதையைக் கணக்கில் சேர்க்காதது

சேருங்கள்.

விருது முத்திரை

கொடுத்தவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் அல்ல.

ஆண் பிள்ளைக்கு, பெண் பிள்ளைக்கு

இப்படி ஒரு பிரிவே வேண்டாம்.

பதின்ம வயதினருக்கு நாவலை மருந்தாகக் கொடுப்பது

அப்பாவை இழந்த பெண்ணிடம் அப்பாவை இழந்த பெண்ணின் கதையை நேராக நீட்டுவது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர், "உனக்காகவே எடுத்து வெச்சேம்மா" என்று நாலு பேர் முன்னால் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். மறுநாளே திருப்பிக் கொடுத்தாள், பிறகு வெகுநாள் வரவில்லை.

அத்தகைய நாவல்கள் இருக்கத்தான் வேண்டும். துப்பறியும் கதை, விளையாட்டுக் கதை, பேய்க் கதைகளோடு கலந்து, பெயர்ப்பலகை இல்லாத அடுக்கில் இருக்கட்டும். யாரும் பார்க்காதபோது எடுத்துப் போக வழி இருந்தால் எடுப்பார்கள். வாங்கும் முன் நீங்கள் முழுதாகப் படித்திருக்க வேண்டும் என்பது இந்த வகைக்குத்தான் மிக அவசியம். முதல் ஐம்பது பக்கம் பள்ளிக் கலாட்டாவாக ஓடும், கனமான பகுதி பெரும்பாலும் பிற்பாதியில்தான் வரும். யாராவது அதைப் படித்துவிட்டுப் பேச வந்தால், என்ன நடக்கிறது என்று தெரியாமல் நீங்கள் விழிக்கக் கூடாது.