சொகுசு காரில் ஹாம் ரேடியோ: பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸில் பொருத்தும் செய்முறை

பழைய அம்பாசிடரில் ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலிக் கருவி, பொருத்துவது ஒரு பொழுது வேலை. பேட்டரியின் இரு முனைகளிலிருந்தும் கம்பி இழுத்து, கூரையில் ஒரு துளை போட்டு ஆன்டெனாவை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. அதே முறையை ஒரு பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸில் கையாண்டால் கார் அதைப் பொறுத்துக்கொள்ளாது. அதற்குள் இருக்கும் கணினிகள் மின்னோட்டத்தைக் கண்காணிக்கின்றன, கணக்கில் வராத கசிவைக் கண்டால் எச்சரிக்கின்றன. ரேடியோவை இயக்குவது இதில் எளிய பாதி. காரின் கண்காணிப்பைக் குழப்பாமல் அதைச் செய்வதுதான் கடினமான பாதி. இந்தச் செய்முறை முழுவதும் அந்த இரண்டாம் பாதிக்காகவே எழுதப்பட்டது.

உதாரணத்துக்கு 2010-இல் வந்த எஃப்10 தலைமுறை 5 சீரிஸை எடுத்துக்கொள்கிறேன். சென்னையை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்களின் பாகங்கள் இணைக்கப்பட்டு கார்கள் உருவாகின்றன. 5 சீரிஸும் அங்கிருந்து வருவதால் நம் சாலைகளில் இதற்குப் பஞ்சமில்லை. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். இடங்கள் மட்டும் மாறும்.

முதலில் காகித வேலை

வானொலி அலைவரிசைகளை நிர்வகிக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியிருக்க வேண்டும். உங்கள் உரிமம் வாகனத்திலிருந்து இயக்க இடம் கொடுக்கிறதா என்பதையும் அதன் நிபந்தனைகளில் படித்துக்கொள்ளுங்கள். நமக்கு உரியவை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும் (2 மீட்டர் அலைவரிசை), 434 முதல் 438 வரையும் (70 சென்டிமீட்டர் அலைவரிசை). வெளிநாட்டுக் கருவிகள் இந்த எல்லைக்கு வெளியேயும் ஒலிபரப்பும். எல்லைக்குள் நிற்பது உங்கள் பொறுப்பு.

அடுத்து, காரின் கையேட்டில் ‘ரேடியோ கருவிகள்’ பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். பெரும்பாலானோர் திருப்பியே பார்க்காத பக்கம் அது. மெர்சிடிஸ் கையேடுகள் இதில் தாராளம்: 2 மீட்டர் அலைவரிசைக்கு 50 வாட், 70 சென்டிமீட்டருக்கு 35 வாட் என்று உச்சவரம்பைப் பட்டியலிட்டு, ஆன்டெனாவை எங்கெல்லாம் நிறுத்தலாம் என்றும் சொல்லிவிடும். உங்கள் கையேட்டில் அப்படி ஒரு வரம்பு இருந்தால் அதுவே இறுதி. காருக்கு இன்னும் உத்தரவாதக் காலம் ஓடுகிறது என்றால் சர்வீஸ் மையத்திடம் முன்கூட்டியே பேசிவிடுவதும் நல்லது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

முகப்புப் பலகை தனியாகக் கழன்று வரும் கருவி மட்டுமே இந்த வேலைக்கு ஆகும். ஐகாம் ஐ.சி.-2730, கென்வுட் டி.எம்.-வி71 போன்றவை இந்த வகை. கருவியின் உடல் டிக்கியில் இருக்கும், உள்ளங்கை அகல முகப்பு மட்டும் ஓட்டுநர் அருகே வரும். இரண்டும் 50 வாட் தருபவை. பேசும்போது சுமார் 13 ஆம்பியர் இழுப்பவை. இந்த 13 ஆம்பியரை நினைவில் வையுங்கள், அடுத்து வரும் கணக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

மின்சாரம்: நிதானம் தேவைப்படும் இடம்

சிகரெட் லைட்டர் குழியிலிருந்து எடுத்தால் என்ன என்று எல்லாப் புதியவர்களும் கேட்கிறார்கள். 5 வாட் கைக்கருவிக்கு சரி. 13 ஆம்பியரைத் தொடர்ந்து இழுத்தால் குழியின் தொடர்புகள் சூடாகும், மின்னழுத்தம் சரியும், இரைச்சலும் கூடவே வரும். நேரடியாக பேட்டரியிடமே போய்விடுங்கள்.

எஃப்10-இல் பேட்டரி டிக்கியின் வலப்புறத்தில், விரிப்புக்குக் கீழே இருக்கிறது. இது நமக்கு அதிர்ஷ்டம். காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். பேட்டரி பானெட்டுக்குள் இருந்து, கருவி டிக்கியில் இருந்தால் போகவும் வரவுமாகப் பத்து மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அந்தத் தூரத்துக்கு மின்தடை 0.07 ஓம், 13 ஆம்பியர் பாயும்போது 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். கருவியின் பக்கத்திலேயே பேட்டரி இருந்தால் மொத்தம் மூன்று மீட்டர் போதும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு 0.11 வோல்ட்தான்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் காரைத் தூங்கவிட வேண்டும். டிக்கியைத் திறந்து வைத்தபடியே அதன் பூட்டு நாக்கை ஒரு ஸ்குருடிரைவரால் தட்டி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிக்கி மூடிவிட்டது என்று கார் நம்பிவிடும். பிறகு காரைப் பூட்டிவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். கணினிகள் ஒவ்வொன்றாக உறங்கியபின் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் எதிர்முனையைக் கழற்றி, துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் பூட்டு நாக்கை விடுவிக்காமல் டிக்கியை அடித்து மூடினால் பூட்டு உடையும். ஸ்குருடிரைவரை அந்தப் பூட்டிலேயே தொங்கவிட்டு வைத்தால் மறக்காது.

நேர்முனையில் ஓர் எச்சரிக்கை. முன்பக்கம் ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கம்பியின் பிடியில் ஒரு சிறு வெடிமருந்துக் குப்பி உண்டு. விபத்தில் காற்றுப்பை விரியும்போது அதுவும் வெடித்து அந்தக் கம்பியைத் துண்டித்துவிடும். அந்தப் பிடியை நோண்டவோ, அதன்மேல் சுத்தியல் படவோ கூடாது. பேட்டரிமேல் அமர்ந்திருக்கும் மின்பகிர்வுப் பலகையின் போல்ட்டில் லக் (கம்பி நுனியில் பொருத்தும் உலோக வளையம்) வைத்து நம் கம்பியைத் தொடங்கலாம். எது எந்தப் போல்ட் என்பதில் சிறு ஐயம் இருந்தாலும் இந்த ஓர் இணைப்பை மட்டும் அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். விபத்தில் அந்தக் குப்பி வெடித்தாலும் நம் கம்பியில் மின்சாரம் நிற்காது. ஆகவே பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம். கருவியின் அருகே ஃப்யூஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் இடையிலுள்ள கம்பிக்குப் பாதுகாப்பே இல்லை.

எதிர்முனைக் கம்பியை எங்கே கட்டுவது என்பதில்தான் பழைய பாடமும் புதிய காரும் மோதுகின்றன. இரண்டு கம்பிகளையும் நேராக பேட்டரிக்கே கொண்டுபோ என்பது பழைய பாடம். ஆனால் இந்த காரின் எதிர்முனைப் பிடிக்குள் ஓர் உணரி இருக்கிறது. பேட்டரிக்குள் போவதும் வருவதுமான மின்னோட்டம் முழுவதையும் அளந்து, அதை வைத்துத்தான் கார் பேட்டரியின் நிலையை மதிப்பிடுகிறது. நீங்கள் உணரியைத் தாண்டி நேராக பேட்டரி முனையில் கட்டினால் ரேடியோ குடிக்கும் மின்சாரம் கணக்கில் வராது. பேட்டரி நிறைந்திருக்கிறது என்று கார் நம்பிக்கொண்டிருக்க, உள்ளே அது வற்றிக்கொண்டிருக்கும். எதிர்க்கம்பியை டிக்கியிலேயே உள்ள பாடி எர்த் போல்ட்டில் கட்டுங்கள்; பேட்டரியின் எர்த் கம்பி உடலோடு சேரும் இடமே சிறந்தது.

ரிலே

அணைத்து வைத்திருந்தாலும் ரேடியோ சில மில்லி ஆம்பியர் குடிக்கும். அணைக்க மறந்தால் அதைவிடப் பல மடங்கு. ‘நிறுத்தியிருக்கும்போது பேட்டரி வடிகிறது’ என்று கார் திரையில் புகார் எழுப்பும். நேர்க்கம்பியில் 30 ஆம்பியர் ஆட்டோமொபைல் ரிலே (சுருளில் சிறு மின்சாரம் பாய்ந்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) ஒன்றைச் செருகி, அதன் சுருளுக்கு வேண்டிய மின்சாரத்தை கார் உறங்கும்போது அணைகிற ஒரு சாக்கெட் வரியிலிருந்து எடுங்கள். எந்த வரி அணைகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். காரைப் பூட்டி அரை மணி கழித்து மல்டிமீட்டரால் பாருங்கள். சுருளின் குறுக்கே டயோடு உள்ள ரிலேயாக வாங்கினால் அணையும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் காரின் வரிக்குள் போகாது. அந்த வகை ரிலேயில் நேர், எதிர் முனைகளை மாற்றிக் கட்டக் கூடாது.

கம்பியின் பாதை

முகப்புக்குப் போகும் கேபிளை டிக்கியிலிருந்து பின்சீட் ஓரமாக இறக்கி, கதவுப்படி அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குள் கொண்டுவந்து, டேஷ்போர்டின் பக்கத்தில் ஏற்றுங்கள். மூடிகள் கிளிப்பில் நிற்பவை. பிளாஸ்டிக் நெம்புகோலால் கழற்றினால் கீறல் விழாது. கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் மட்டும் நுழைக்க வேண்டாம். அங்கே திரைக் காற்றுப்பைகள் சுருண்டு கிடக்கின்றன. மஞ்சள் நிற இணைப்பான்கள் காற்றுப்பைக்கு உரியவை, அவற்றைக் கழற்றவே கூடாது. ஒலி அமைப்பின் ஒளியிழைகளும் இதே பக்கம் ஓடலாம். அவற்றைக் கூர்மையாக மடித்தால் இசை நின்றுவிடும்.

முகப்பை டேஷ்போர்டில் துளையிட்டு மாட்டுவதை நான் ஏற்கவே மாட்டேன். மாதிரிக்கென்று செய்த கிளிப் தாங்கிகள் கிடைக்கின்றன. காற்றுப்பை மூடியின்மேலும், விரியும் பாதையிலும் எதுவும் இருக்கக் கூடாது.

கருவியின் உடலை டிக்கிப் பக்கவாட்டு உறைக்குப் பின்னால் இறுக்கமாக அடைக்க ஆசை வரும். 50 வாட் வெளியே போக 150 வாட்டுக்கும் மேல் உள்ளே போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். காற்றோட்டம் விடுங்கள்.

ஆன்டெனா

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளக் கம்பி சுமார் 49 சென்டிமீட்டர். அதற்குக் கீழே உலோகத் தளம் தேவை. கூரையின் நடுவைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஆனால் சொகுசு காரின் கூரையில் பாதி கண்ணாடி, பின்னால் காரின் சொந்த ஆன்டெனாவான சுறாத் துடுப்பு. காந்தத் தாங்கி வாங்குமுன் துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். எஃப்10-இன் பானெட், கதவுகள், முன் மட்காடுகள் அலுமினியம்; காந்தம் அங்கே ஒட்டாது. ஒட்டும் இடத்திலும் அடியில் மணல் துகள் புகுந்தால் பெயின்ட்டில் வட்டமாகத் தழும்பு விழும்.

என் தேர்வு டிக்கி மூடியின் விளிம்பில் கவ்வும் பிடி. பிடியின் அடியில் நிறமற்ற பாதுகாப்புப் படலம் ஒட்டி, மேற்புறப் பெயின்ட்டைக் காப்பாற்றுங்கள். உட்புறத்தில் சிறு அலென் திருகுகள் பெயின்ட்டைக் கடித்து உலோகத்தைத் தொட வேண்டும், அதுதான் எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிடியிலும் மறுமுனையை டிக்கிப் பூட்டின் இரும்பிலும் வைத்தால் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் மூடிக்கும் உடலுக்கும் இடையே ஒரு பின்னல் கம்பி போடுங்கள். கீல்களை நம்ப முடியாது. கடித்த இடத்தில் துளி கிரீஸ் வைத்தால் கடற்கரை ஊர்களில் துருப் பிடிக்காது. பின்கண்ணாடியின் கோடுகளில் சில காரின் எஃப்.எம். ஆன்டெனாக்கள் என்பதால் பிடியைக் கண்ணாடியிலிருந்து கூடியவரை தள்ளி மாட்டுங்கள்.

கேபிள் ரப்பர் விளிம்பைக் கடக்கும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இல்லையென்றால் கேபிளைப் பற்றிக்கொண்டே உள்ளே ஒழுகி டிக்கிப் பள்ளத்தில் தேங்கும். அங்கேதான் பேட்டரியும் விலையுயர்ந்த மின்னணுப் பெட்டிகளும் இருக்கின்றன.

சோதனை

எதிர்முனையை மாட்டியதும் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். பழைய பேட்டரியையே மாட்டுவதால் அதைக் காரில் புதிதாகப் பதிவு செய்யத் தேவையில்லை.

ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைக் கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் இணைத்து, 5 வாட்டில், டிக்கியை மூடிய நிலையில் அளவெடுங்கள். 1.5-க்குள் இருந்தால் நன்று. 2-ஐத் தாண்டினால் 50 வாட்டுக்குப் போகாதீர்கள். 144-இல் குறைவாகவும் 146-இல் அதிகமாகவும் காட்டினால் கம்பி நீளம் என்று பொருள். இரண்டிரண்டு மில்லிமீட்டராக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

பிறகு காரைக் கவனியுங்கள். என்ஜின் ஓட, நின்ற இடத்திலேயே 5, 20, 50 வாட் என்று படிப்படியாக ஏற்றி ஒவ்வொன்றிலும் சில நொடிகள் பேசுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, வைப்பர் தானாக ஓடுகிறதா, பார்க்கிங் உணரி கத்துகிறதா? ஏதாவது நடந்தால் கேபிள்களில் ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) கவ்வி, ஆன்டெனாவை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அடங்கும் அளவுக்கு வாட்டைக் குறையுங்கள். 20 வாட்டிலேயே ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் நிலையம்) நன்றாகத் திறக்கும். அடுத்து ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி பிரேக், ஸ்டீயரிங் இரண்டையும் சோதித்த பிறகே சாலைக்கு வாருங்கள்.

கேட்கும்போது இரைச்சல் வந்தால் முதலில் செல்பேசி சார்ஜரைப் பிடுங்குங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

சர்வீஸுக்கு விடும் நாளில் ரேடியோவின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, கூடுதல் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். தானியங்கிக் கழுவும் இயந்திரத்துக்குள் கார் போகும் என்றால் ஆன்டெனாக் கம்பியையும் திருகிக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள்.