கிளை நூலகத்துக்குப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகங்களை வரவைப்பது எப்படி?

வேலூரோ காட்பாடியோ குடியாத்தமோ, கிளை நூலகத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் இரண்டு கூட்டத்தைத்தான் பார்க்கலாம். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள், அப்புறம் டி.என்.பி.எஸ்.சி., போலீஸ் தேர்வு என்று நாள் முழுக்கத் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் அண்ணன்கள், அக்காக்கள். ஒரு மூலையில் சிறுவர் பகுதி இருக்கும், சுவரில் முயலும் கிளியும் வரைந்திருப்பார்கள். எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளை இதில் எங்கே போய் உட்காரும்? முயல் படத்துக்குக் கீழே உட்கார வெட்கம், தேர்வு மேசைக்கு இன்னும் வயசு வரவில்லை. அதனால் வருவதில்லை. அவர்கள் வராததால் கேட்க ஆளில்லை, கேட்க ஆளில்லாததால் அவர்களுக்கான புத்தகமும் வருவதில்லை.

இதைச் சரிசெய்யப் பெற்றோர், ஆசிரியர், வாசகர் வட்டத்துக்காரர் யார் வேண்டுமானாலும் இறங்கலாம், பத்தாவது படிக்கிற பிள்ளையே கூட. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பசங்களுக்கு நல்ல புத்தகமா வாங்கிப் போடுங்க சார்" என்று எத்தனை முறை சொன்னாலும் எதுவும் நகராது. எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்தப் பதிப்பகம், என்ன விலை என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தத் தாள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்.

நூலகர்களோடு வீணாகச் சண்டை போடாமல் இருக்க, புத்தகம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நாம் கட்டுகிற வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் விடாமல் பாடுபட்டு 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாடு இது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை கிடையாது, உங்கள் காசுதான். ஆனால் கிளை நூலகர் அந்தக் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வாங்கிவர முடியாது. பெரும்பகுதி கொள்முதல் சென்னையில் நடக்கிறது, பதிப்பாளர்கள் விண்ணப்பிக்கிறார்கள், தேர்வான புத்தகங்கள் மாவட்டத்துக்கு வந்து அங்கிருந்து கட்டுக்கட்டாகக் கிளைகளுக்குப் பிரிந்து போகின்றன. கொல்கத்தாவில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை வழியாகவும் கொஞ்சம் வரும். 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு உங்கள் ஊர் இப்போது வேலூரா, ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா என்று வருவாய்க் கணக்கில் ஒன்றாகவும் நூலகத் துறைக் கணக்கில் வேறாகவும் இருக்கலாம், அதனால் மனு யார் பெயருக்குப் போக வேண்டும் என்று உங்கள் நூலகரிடமே கேட்டு எழுதுவது நல்லது.

சரி, முதலில் செய்ய வேண்டியது, இருப்பதைப் பார்ப்பது. பல நூலகங்களில் புதுப் புத்தகம் வந்தும் வெளியே தெரியாமல் கிடக்கும். வந்த கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, தேதிச் சீட்டு ஒட்டிய பிறகுதான் இரவல் கொடுக்க முடியும். ஒரே ஆள் இருக்கிற நூலகத்தில் இது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. "சீட்டு ஒட்ட நாங்கள் ரெண்டு பேர் வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள், பல நேரம் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள். ஒட்டுகிற பிள்ளைதான் அந்தப் புத்தகத்தை முதலில் புரட்டும், அது கூடுதல் லாபம். அலமாரியில் இருக்கும் பழசையும் பாருங்கள், தேதிச் சீட்டில் நெருக்கமாக முத்திரை விழுந்திருக்கிற புத்தகம் எது, ஐந்து வருஷமாக ஒரு முத்திரை கூட விழாதது எது என்று குறித்துக்கொண்டால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் ருசி பாதி புரிந்துவிடும்.

அடுத்தது பட்டியல். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து போட்டால் பட்டியல் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும்: வெற்றிக்கு வழி, நினைவாற்றலை வளர்ப்பது, தலைவர்களின் வாழ்க்கை வரலாறு, நீட் வினா வங்கி. இவற்றைத் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் பள்ளியில் நாள் முழுக்க அறிவுரை கேட்டுவிட்டு வருகிற பிள்ளை சாயங்காலமும் போய் அறிவுரை கேட்குமா? மு.வ. நம்ம வட ஆர்க்காட்டுக்காரர், இளைஞர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தவர். அவர் புத்தகங்கள் ஏற்கெனவே அலமாரியில் இருக்கும், இருக்கட்டும். நாம் தேடுவது போன இரண்டு மூன்று வருஷத்தில் வந்தவற்றை.

அதற்கு எளிய வழி மாவட்டப் புத்தகத் திருவிழா. நாலைந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, "வாங்க வேண்டாம், எது பிடிக்குதோ எழுதிக்கிட்டு வா" என்று விட்டுவிடுங்கள். முதல் இரண்டு பக்கத்தை நின்றபடியே படித்துவிட்டு மூன்றாவது பக்கத்தைத் திருப்பினால் எழுதலாம், இல்லையென்றால் வைத்துவிடலாம் என்று மட்டும் சொல்லுங்கள். திருவிழா இல்லாத மாதத்தில் பதிப்பகங்களின் இணையதளத்தில் புதிய வெளியீடுகளைப் பார்க்கலாம். சாகித்திய அகாடமி 2010-லிருந்து ஆண்டுதோறும் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய விருது கொடுக்கிறது, அந்தத் தமிழ்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலே யார் யார் இப்போது எழுதுகிறார்கள் என்பது தெரிந்துவிடும், பிறகு அதே ஆட்களின் அண்மைப் புத்தகங்களைத் தேடலாம். அரசுப் பள்ளிக்கு வரும் தேன்சிட்டு இதழில் எழுதுகிறவர்களின் பெயர்களையும் பாருங்கள்.

என்னென்ன வகை? துப்பறியும் கதை, பேய்க்கதை, விளையாட்டு, படக்கதை ஆகிய நான்கும் கட்டாயம் வேண்டும், இவைதான் வாசலைத் திறக்கும். உடம்பு மாறுகிற வயதைப் பற்றி மறைக்காமல், பயமுறுத்தாமல் பேசுகிற புத்தகம் ஒன்றிரண்டு வேண்டும், முடிந்தால் பெண் எழுதியது. மலையாளத்திலிருந்து நல்ல சிறார் மொழிபெயர்ப்புகள் நிறைய வருகின்றன, விடாதீர்கள். அறிவியல் என்றால் நம் பக்கத்திலேயே ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு வானியல் புத்தகம் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். வேலூர்க் கோட்டைக்குள் சுற்றிவிட்டு வந்த பிள்ளைக்கு 1806 ஜூலை 10 அன்று அங்கே நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி பற்றிய நூலும் அப்படித்தான், ஆனால் தேதிகளை அடுக்குகிற நூல் வேண்டாம், அன்றைக்குச் சிப்பாய்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிற நூலாகப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் என்றால் உருது, ஆந்திர எல்லை ஊர்கள் என்றால் தெலுங்கு, இதையும் பட்டியலில் தனியாகக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் பெரிய நாவல்களைக் கேட்டு அலமாரியை நிரப்ப வேண்டாம், தமிழ்வழிப் பிள்ளை பயமில்லாமல் எடுக்கக்கூடிய மெல்லிய, எளிய ஆங்கிலப் புத்தகங்கள் போதும்.

காதல் வருகிற கதை பட்டியலில் இருந்தால் யாராவது முகம் சுளிப்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் போன் இருக்கிற காலத்தில், ஒரு எழுத்தாளர் யோசித்து எழுதிய கதையைப் பார்த்துப் பயப்படுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். "நீங்களே ஒரு தடவை படிச்சுட்டுச் சொல்லுங்கய்யா" என்று புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். படித்தவர்கள் பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள், படிக்காமலே எதிர்ப்பவருக்கு அதற்கு மேல் பேச வழியிருக்காது.

பட்டியல் முப்பது நாற்பது தலைப்புக்கு மேல் போக வேண்டாம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், வெளியான ஆண்டு, விலை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக இருக்கும் ஐ.எஸ்.பி.என். அடையாள எண் இவ்வளவும் வரிசையாக இருக்கட்டும். எது மிக அவசரம் என்று முதல் பத்தை மட்டும் மேலே வையுங்கள், ஏனென்றால் எல்லாம் வராது. மனுவை நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்குக் கொடுங்கள், வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்தும் படிக்கப்போகிற பிள்ளைகளின் பெயர், வகுப்பு, கையெழுத்தும் இருந்தால் எடை கூடும். உங்கள் கிளையில் வாசகர் வட்டம் பெயரளவில்தான் இருக்கிறது என்றால் அதில் நீங்களே சேர்ந்துவிடுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

அது நடக்கும்போது நடக்கட்டும், காத்திருக்கிற நேரத்தில் கையால் செய்யக்கூடியது நன்கொடை. பிறந்தநாளுக்கு கேக் வெட்டுகிற காசில் இரண்டு புதுப் புத்தகம் வாங்கிவிடலாம், புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு. கொடுப்பதற்கு முன்னால் நூலகரிடம் தலைப்பைக் காட்டுங்கள், ஏற்கெனவே இருந்தால் வேறு வாங்கலாம். கொடுத்த பிறகு பதிவேட்டில் எண் ஏறியதா என்று பாருங்கள், எண் ஏறாத புத்தகம் நூலகத்தின் கணக்கில் இல்லாத புத்தகம், கால் முளைத்துப் போய்விடும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த பழைய கோனார் உரையையும் அட்டை கிழிந்த கைடுகளையும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், பழைய பேப்பர் கடை அதற்குத்தான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகலாம், நல்ல காரியம்தான், ஆனால் அந்தப் பணம் நீங்கள் சொல்கிற புத்தகத்துக்கே போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறிப்பிட்ட புத்தகம்தான் வேண்டும் என்றால் புத்தகமாகவே வாங்கிக் கொடுங்கள்.

புத்தகம் வந்ததும் எங்கே வைப்பது என்பதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சிறுவர் பகுதியில் சேர்த்தால் அவ்வளவுதான், பதினாறு வயதுக்காரன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். பூட்டிய கண்ணாடி பீரோவுக்குள் வைத்தால் சாவி கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுவான். வாசலுக்கும் பேப்பர் மேசைக்கும் இடையில் ஒரே ஒரு தட்டு கிடைத்தால் போதும், முதுகு தெரியும்படி அடுக்காமல் அட்டை தெரியும்படி நிறுத்துங்கள். மேலே "பதின்பருவம்", "டீன்" என்றெல்லாம் பலகை எழுதவே வேண்டாம், "புதுசு" என்று எழுதினால் எல்லோரும் எடுப்பார்கள்.

உறுப்பினர் ஆவதற்குச் சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும்தான், பிள்ளையின் ஒரு மாத ரீசார்ஜைவிடக் குறைவு. ஒரு வகுப்பில் பத்துப் பேரை ஒரே நாளில் சேர்த்துவிடுங்கள், பத்துப் பேர் எடுத்த புத்தகம் பத்துப் பேருக்குள் சுற்றும். பல கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, வாசல் பலகையைப் பார்த்து நாள் குறியுங்கள். பெண் பிள்ளைகள் டியூஷன் முடித்து வருகிற நேரத்துக்கு நூலகம் திறந்திருக்கிறதா, பஸ் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள், ஞாயிறு காலைதான் அவர்களுக்கு வசதியாக இருக்கும். புதுத் தட்டைத் தொடங்க மார்ச் வேண்டாம், பொதுத் தேர்வு நேரத்தில் எந்த வீட்டிலும் கதைப் புத்தகத்தை உள்ளே விட மாட்டார்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்குங்கள். அந்த வேலூர் வெயிலில் பிள்ளைகள் மதியம் எங்கே ஒதுங்குவது என்று அலைவார்கள், நூலகத்தில் மின்விசிறியும் தண்ணீரும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் புத்தகங்களின் தேதிச் சீட்டுகளை போனில் படம் எடுத்து, எது எத்தனை முறை வெளியே போனது என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த பட்டியலோடு சேர்த்து மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள்.