பைக்கின் பின் சஸ்பென்ஷனை இறக்கப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் எனக்கு முன்னால் போன பஸ் நின்றுவிட்டது. ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின் சக்கரத்தில் இருக்கும். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி வழுக்கிப் பின்னால் வரும். அதனால் வலது கால் பின் பிரேக்கை விட்டு நகர முடியாது. ஊன்றுவதற்கு மிச்சம் இடது கால் ஒன்றுதான். சாலையோ அந்தப் பக்கம்தான் சரிந்து கிடக்கிறது. கால் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை. என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 மெதுவாகப் படுத்துக்கொண்டது. பின்னால் வந்த காரிலிருந்து இறங்கியவர்தான் தூக்கிவிட்டார்.

என் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். அந்த வண்டியின் சீட் உயரம் 800 மி.மீ. சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நுனிக்காலால் சமாளித்துவிடலாம், மலையில் நடக்காது. அடுத்த வாரமே பின் சஸ்பென்ஷனை இறக்கக் கிளம்பினேன். அதுவே முதல் தவறு.

முதலில் பார்த்திருக்க வேண்டியது சீட். கால் எட்டாததற்கு உயரம் மட்டும் காரணமில்லை, அகலமும்தான். தொடை இரண்டும் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு கால் நீளம் வீணாகிறது. சீட்டின் முன்பகுதியில் இரு பக்கமும் ஃபோமைச் செதுக்கச் சொல்லுங்கள். மேலே கொஞ்சமாக எடுத்தால் போதும். புதிய ஹிமாலயன் 450-க்கு 825 மி.மீ.க்குப் பதில் 805 மி.மீ. தரும் தாழ்வான சீட்டே கிடைக்கிறது. அடித்தோல் தடித்த ஷூ இன்னொரு சென்டிமீட்டர் தரும். இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

அப்புறம் பலரும் கை வைப்பது ப்ரீலோடில், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவில். வளையத்தைத் தளர்த்தினால் வண்டி கொஞ்சம் அமுங்கும், காசும் செலவில்லை. ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் இதனால் மாறுவதில்லை. உட்கார்ந்ததுமே சஸ்பென்ஷன் தன் ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் அசையும் மொத்தத் தூரம்) பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அமுங்குவது சரி. 411-இன் பின்பக்க ஓட்டம் 180 மி.மீ. என்பதால் 55 முதல் 60 மி.மீ. வரை இருக்கலாம். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 80, 90 என்று வந்தால் முதல் வேகத்தடையிலேயே 'டங்' என்று கேட்கும்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டிய முனை தட்டையாக உட்காராது. சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டே நகரலாம்.

முறையான வழிகள் இரண்டு. ஷாக் அப்சார்பருக்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்கும் நடுவே லிங்கேஜ் (இணைப்புத் துண்டுகள்) உள்ள வண்டிகளில், எலும்பு மாதிரி இருக்கும் இரண்டு 'டாக் போன்' துண்டுகளைக் கொஞ்சம் நீளமானவையாக மாற்றுவது ஒன்று. பெரும்பாலான அமைப்புகளில் லிங்க் நீண்டால் வண்டி இறங்கும். முதல் தலைமுறை கேடிஎம் 390 அட்வென்சர் மாதிரி லிங்கேஜே இல்லாதவற்றில், ஷாக்கைப் பிரித்து உள்ளே ஸ்பேசர் வைக்க வேண்டும். பல ஷாக்குகளுக்குள் நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் இருக்கும். தெரியாத கை அதைத் திறக்கவே கூடாது.

நான் லிங்க் வழியில் போனேன். லேத் பட்டறையில் அளவைச் சொன்னதும், "தம்பி, எஸ்.எஸ்.லயே போட்டுடலாம், காலத்துக்கும் துருப் பிடிக்காது" என்றார் அண்ணன். உருக்காலை ஊர், எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் நமக்கு ஒரு தனிப் பாசம். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் 304 எஸ்.எஸ். மென்மையான ஜாதி, இந்த மாதிரி இழுவைக்கு ஏற்றதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைவிட மோசம், இரண்டு துண்டுகளிலும் துளைகளுக்கு இடையிலான தூரம் ஒன்றாக இல்லை. ஒரு போல்ட்டில் இரண்டையும் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மறுமுனையில் துளைகள் பிறைநிலா மாதிரி விலகி நின்றன. அப்படியே மாட்டியிருந்தால் பேரிங்குகள் கோணலாகவே தேய்ந்திருக்கும். அந்த ஜோடி இப்போது வீட்டில் பேப்பர் வெயிட். உங்கள் வண்டிக்கென்றே செய்த லிங்க்கை வாங்குங்கள், நானும் பிறகு அதைத்தான் மாட்டினேன். போல்ட்டுகளும் பழைய கிரேடிலேயே இருக்கட்டும், குறித்த இறுக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

மாட்டிய கையோடு ஓட்டிக் கிளம்புவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. லிங்க் மாறினாலும் ஷாக்கின் ஓட்டம் மாறவில்லை. அதனால் குழியில் முழுக்க அமுங்கும்போது சக்கரம் முன்பைவிட மேலே வரும். மட்கார்டின் உட்பக்கம், நம்பர் பிளேட் போல்ட், டெயில் லைட் ஒயர் எல்லாம் டயருக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் மாட்டி, ஷாக்கின் ஓட்டம் முடியும் இடத்தில் இடி தாங்கும் பம்ப் ரப்பர் நசுங்கும் வரை சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். என் வண்டியில் ஒரு ஒயர் கட்டு டயருக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. நகர்த்திக் கட்ட ஐந்து நிமிடம்.

அடுத்தது கணக்கு. பின் சக்கரப் பக்கம் 30 மி.மீ. இறக்கினால் சீட்டும் 30 மி.மீ. இறங்கும் என்று நினைத்திருந்தேன். சீட் இரு சக்கரங்களுக்கும் நடுவில்தானே இருக்கிறது. அங்கே சுமார் 20 மி.மீ.தான் கிடைக்கும். அதோடு முன்பக்கம் நிமிர்ந்துகொள்ளும். 1465 மி.மீ. வீல்பேஸில் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 30 மி.மீ. இறக்கம் என்றால் முன் ஃபோர்க்கின் சாய்வு ஒரு டிகிரிக்கு மேல் கூடுகிறது. நாலு வழிச்சாலையில் இது தெரியவே தெரியாது. அடிவாரம் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் ஹேண்டில் சோம்பேறியாகிவிடும், வண்டி வளைவின் வெளிப்பக்கம் போகப் பார்க்கும். ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் தளர்த்தி இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு மேலே ஏற்றினால் முன்பக்கமும் இறங்கும். முதலில் 10 மி.மீ. ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது முன் மட்கார்டு எதிலும் இடிக்கக் கூடாது. மொத்தத்தில் 25, 30 மி.மீ.க்கு மேல் ஆசைப்படாதீர்கள். தரை இடைவெளி குறையும், சாயும்போது ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே உரசும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு வண்டிதான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

சைடு ஸ்டாண்டை நான் மறந்தே போனேன். வண்டி இறங்கியதும் ஸ்டாண்ட் நீளமாகி, வண்டி ஏறக்குறைய நெட்டுக்குத்தாக நிற்கும். ஏற்காடு ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு இரண்டடி நடந்திருப்பேன், வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது. மலையில் சமதரை எங்கே இருக்கிறது? ஸ்டாண்டை எவ்வளவு வெட்டுவது என்பதற்கு ஒரு எளிய வழி: இரண்டு சக்கரங்களுக்கு அடியிலும் ஒரே தடிமனில் பலகை வையுங்கள். பழைய சாய்வு வரும்போது பலகையின் தடிமன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு வெட்டலாம். கொஞ்சம் குறைத்தே வெட்டுங்கள். வெட்டியதை ஒட்டுவதைவிட மறுபடி வெட்டுவது சுலபம்.

சென்டர் ஸ்டாண்ட் போட முன்பைவிட அதிக பலம் வேண்டும். ஹெட்லைட் மேல்நோக்கிப் பார்க்கும், இறக்கிவையுங்கள். வளைவில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். செயின் தளர்வையும் ஆள் உட்கார்ந்த நிலையில் பார்த்துச் சரிசெய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஷாக்கின் தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றை இறுக்கமில்லாமல் கட்டி, மேலே உடம்போடு ஒட்டித் தள்ளிவிட்டேன். அமுங்கும்போதெல்லாம் அது பம்ப் ரப்பரை நோக்கி நகரும். தனியாக ஏற்காடு போய்த் திரும்பி, அடிவாரம் டீக்கடையில் குனிந்து பார்த்தபோது ரப்பருக்கும் டைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது. அடுத்த ஞாயிறு மனைவியையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தேன். டை ரப்பரைத் தொட்டுக்கொண்டு நின்றது. டீ வருவதற்குள் ப்ரீலோடை இரண்டு படி ஏற்றினேன்.