வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே? அமைச்சரிடம் கேட்க வைப்பது எப்படி: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு கேள்வி எழும்: "இத்தனை கோடி ஒதுக்கினோம் என்றார்களே, அதெல்லாம் எங்கே போனது?" தண்டையார்பேட்டையில் கேட்பார்கள், கொருக்குப்பேட்டையில் கேட்பார்கள், எண்ணூர் வரைக்கும் கேட்பார்கள். தண்ணீர் வடிந்ததும் கேள்வியும் வடிந்துவிடும்.

அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டிய இடம் பாரிமுனையைத் தாண்டியதும் இருக்கிறது: புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சட்டமன்றப் பேரவை. அமைச்சரவை கூட்டாகப் பேரவைக்குப் பொறுப்பு என்கிறது அரசியலமைப்பின் 164-வது பிரிவு. பேரவையின் ஒப்புதல் இல்லாமல் எந்தத் துறைக்கும் பணம் இல்லை என்கிறது 203-வது பிரிவு. அதனால் கணக்குக் கேட்பது உறுப்பினரின் உரிமை. நம் தொகுதி உறுப்பினர் எழுந்து நிற்கும்போது அவர் கையில் சரியான கேள்வி இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் வேலை.

பட்ஜெட் புத்தகத்தை இதுவரை திறந்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக் கட்டடமோ குடிநீர்க் குழாயோ எதுவானாலும் வழி இதேதான்.

முதல் படி: பணம் யாருடையது என்று பாருங்கள்

இதில் தவறினால் மீதி உழைப்பெல்லாம் வீண். வடசென்னையில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் மாநில அரசு, அந்தப் பக்கம் மத்திய அரசு. சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் மத்திய அரசின் கீழ் வருகின்றன. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை மத்தியப் பொதுத்துறை நிறுவனம். ரயில் பாதையும் அப்படித்தான். இவற்றைப் பற்றிக் கோட்டையில் கேட்டால் "இது மத்திய அரசின் வரம்புக்கு உட்பட்டது" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். அந்தக் கேள்விகளை மக்களவை உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டும். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு பேரவைத் தொகுதிகளுக்கும் சேர்த்து வடசென்னைக்கு ஒரு மக்களவை உறுப்பினர் இருக்கிறார். மக்களவையில் கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தேவை. அங்கே அளிக்கப்படும் பதில்கள் எல்லாம் இணையத்தில் தேடி எடுக்கும்படி கிடைக்கின்றன.

வடிகால், குப்பை, தெருவிளக்கு ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. ரிப்பன் மாளிகையில் கூடும் மாமன்றத்தில் 200 வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முதலில் உங்கள் வார்டு உறுப்பினரிடமே கேட்டுப் பாருங்கள். ஆனால் பெரிய வேலைகளுக்கு மாநில அரசின் பணமும் வருகிறது. அதற்குப் பேரவையில் பதில் சொல்பவர் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை அமைச்சர். துறைக்கு வேண்டிய பணத்தைக் கேட்டு பேரவையில் வைப்பதுதான் மானியக் கோரிக்கை; அந்தத் துறையின் மானியக் கோரிக்கை எண் 34. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சிக்கு 26, நெடுஞ்சாலைக்கு 21, மக்கள் நல்வாழ்வுக்கு 19. இந்த நான்கு எண்களையும் ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் பணமும் உண்டு. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதி மழைநீர் வடிகால் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. கடன் என்றால் வேறு யாரோ கொடுத்த பணம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். திருப்பிக் கட்டப்போவது நாம்தான். அதற்கும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் படி: மூன்று பத்திகளைப் படியுங்கள்

எல்லாவற்றுக்கும் உயிர்நிலை இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். அவர் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பத்திகள் உண்டு. விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மனதில் போட்ட தொகை. ஏலம் பாதி நடக்கும்போது வரத்தைப் பார்த்து மாற்றிக்கொண்ட தொகை. கடைசியில் எண்ணிக் கொடுத்த தொகை. "முதல் இரண்டும் நினைப்பு, மூன்றாவதுதான் பணம்" என்பார்.

பட்ஜெட் புத்தகமும் இப்படித்தான் இருக்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் சொல்வது வரவு-செலவுத் திட்ட மதிப்பீடு. ஆண்டு முடியும் தறுவாயில் மாற்றிச் சொல்வது திருத்த மதிப்பீடு. உண்மையில் செலவானது கணக்கு. மூன்றும் ஒரே ஆண்டைப் பற்றி ஒரே புத்தகத்தில் கிடைக்காது என்பதுதான் சிக்கல். 2025-26 பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால் அதில் 2025-26-க்கான மதிப்பீடு, 2024-25-க்கான திருத்த மதிப்பீடு, 2023-24-க்கான கணக்கு ஆகியவை இருக்கும். அதாவது ஓர் ஆண்டில் உண்மையில் எவ்வளவு செலவானது என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் புத்தகத்துக்கு வருகிறது. அதற்குள் நாம் மறந்துவிடுகிறோம். மறக்காமல் இருக்கத்தான் குறிப்பேடு.

செய்ய வேண்டியது இதுதான். அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் பட்ஜெட் புத்தகங்களை நிதித் துறையின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே திட்டத்தின் வரியைத் தேடுங்கள். ஒரே ஆண்டுக்குரிய மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் தொகை பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால் உங்கள் கேள்வி பிறந்துவிட்டது.

செய்தித்தாளில் வரும் பெரிய தொகைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கப் பழகுங்கள். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2023-24 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டபோது மூன்று ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்றார்கள். 2024 மார்ச்சில் திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது தொகை 4,181 கோடியாக இருந்தது. பல துறைகளின் பணிகளையும் சேர்த்த தொகை அது. சேர்ப்பதில் தவறில்லை, ஒரே இடத்துக்குப் பல துறைகள் ஒன்றாக வருவது நல்லதுதான். ஆனால் அதில் புதிதாக வந்த பணம் எவ்வளவு, அந்தந்தத் துறைகள் எப்படியும் செய்யவிருந்த வேலைகளின் பணம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

மூன்றாம் படி: தெருவைப் பாருங்கள், பிறகு மனுப் போடுங்கள்

வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை இருந்தால் படம் எடுங்கள். பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, தொடங்கிய நாள், முடிக்க வேண்டிய நாள் என்று அதில் உள்ளதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வடிகாலின் நீளத்தை நீங்களே நடந்து அளந்து பாருங்கள். பலகை இல்லை என்றால் அதுவும் ஒரு குறிப்பு.

பிறகு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. பணி ஆணையின் நகல், இதுவரை ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பட்டியல் (பில்) தொகை, அளவுப் புத்தகத்தின் நகல் ஆகிய மூன்றையும் கேளுங்கள். தோண்டிய ஆழம், போட்ட கம்பி, ஊற்றிய கான்கிரீட் எல்லாவற்றையும் பொறியாளர் அளந்து கையெழுத்திடும் பதிவேடுதான் அளவுப் புத்தகம். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது அந்தப் பதிவை வைத்துத்தான். நீங்கள் நடந்து அளந்த நீளத்தையும் அதில் உள்ள நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், தயங்காமல் செய்யுங்கள்.

நான்காம் படி: கேள்வியை எழுதுங்கள்

நான் முதன்முதலில் ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த கேள்வி இது: "எங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் பணிகளை விரைந்து முடிக்க அரசு ஆவன செய்யுமா?" இதற்கு எந்த அமைச்சரும் "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். "பரிசீலனையில் உள்ளது", "நிதிநிலைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளப்படும்" என்ற பதில்களும் இந்த வகைக் கேள்விகளுக்கென்றே பிறந்தவை. "செய்யுமா" என்று கேட்பது வேண்டுகோள். கணக்குக் கேட்க வேண்டுமானால் எவ்வளவு, எப்போது, ஏன் என்று கேட்க வேண்டும்.

அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

மாண்புமிகு நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்ட வினாவுக்கு விடையளிப்பாரா:
(அ) தண்டையார்பேட்டை மண்டலத்தில் 2023-24, 2024-25 ஆகிய நிதியாண்டுகளில் எத்தனை மீட்டர் மழைநீர் வடிகாலுக்கு நிர்வாக ஒப்புதல் அளிக்கப்பட்டது;
(ஆ) அதற்கான ஒப்பந்தத் தொகை எவ்வளவு, இதுவரை வழங்கப்பட்ட தொகை எவ்வளவு;
(இ) ஒப்பந்தப்படி முடித்திருக்க வேண்டிய நாள் எது, முடிக்கப்பட்ட நீளம் எவ்வளவு;
(ஈ) தாமதத்துக்காக அபராதம் விதிக்கப்பட்டதா, ஆம் எனில் வசூலான தொகை எவ்வளவு?

நான்கு உறுப்புகளிலும் பதில் ஓர் எண்ணாகவோ ஒரு தேதியாகவோதான் இருக்க முடியும். அந்த எண் தவறாக இருந்தால் பேரவைக்குத் தவறான தகவல் தந்ததாகிவிடும். அதைத் துறை அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். அதனாலேயே இப்படிப்பட்ட கேள்வி வந்ததும் கோப்பு நகரத் தொடங்கும். கோட்டையிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து மண்டலத்துக்கு, மண்டலத்திலிருந்து வார்டுப் பொறியாளருக்குக் கேள்வி இறங்கிவந்து, எண்ணாக மேலே ஏறும்.

குற்றச்சாட்டு வேண்டாம், உரிச்சொற்கள் வேண்டாம். "முறைகேடு" என்ற சொல்லைக் கேள்வியில் எழுதாதீர்கள். (ஆ)-வையும் (இ)-யையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கே அது தெரிந்துவிடும். ஒரு கேள்விக்கு ஒரே ஒரு திட்டம், ஒரே ஒரு துறை. ஆற்றாமையில் ஐந்து குறைகளை ஒரே தாளில் திணித்தால் ஐந்துக்கும் சேர்த்து ஒரு மழுப்பல் கிடைக்கும்.

ஐந்தாம் படி: உறுப்பினரிடம் கொடுங்கள்

கட்சி பார்க்க வேண்டாம். ஆளும் கட்சி உறுப்பினரும் கேட்கலாம். கேள்வி நேரத்தில் அவர்களும் நிறையவே கேட்கிறார்கள். பேரவை கூடுவதற்குப் பல வாரங்கள் முன்பே கொடுத்துவிடுங்கள், முன்னறிவிப்புக்கு நாள் வேண்டும். ஒரே பக்கம், தெளிவான எழுத்து, பின்னால் தகவல் பலகையின் படமும் உரிமைச் சட்டப் பதிலின் நகலும் போதும்.

குறியிட்ட வினாவா, குறியிடாத வினாவா என்றும் சொல்லிக் கொடுங்கள். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், துணை வினாக்களும் கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும். எண்கள் நிறைய வேண்டுமானால் குறியிடாததே மேல் என்பது என் எண்ணம். அந்த எண்கள் கைக்கு வந்த பிறகு குறியிட்ட வினாவுக்குப் போகலாம்.

கேள்வி நேரத்தில் இடம் கிடைக்காவிட்டால் மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. பட்ஜெட்டுக்குப் பிறகு துறை துறையாக விவாதம் நடக்கும். அன்று ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்ற புத்தகத்தைத் தரும். அதில் முந்தைய ஆண்டின் அறிவிப்புகள் என்ன ஆயின என்று தேடிப் பாருங்கள். பேரவை விதிகளில் 110-வது விதியின் கீழ் வரும் அறிவிப்புகளை மட்டும் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றின்மீது அப்போது விவாதம் கிடையாது. அதனால் அடுத்த ஆண்டு மானியக் கோரிக்கையில்தான் அவற்றைத் துரத்திப் பிடிக்க முடியும்.

ஆறாம் படி: பதிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாகிறது. குறிப்பேட்டோடு உட்கார்ந்து பாருங்கள். அமைச்சர் எண் சொன்னால் எண்ணையும், தேதி சொன்னால் தேதியையும் எழுதுங்கள். இரண்டும் சொல்லாமல் "விரைவில்" என்றால் அதையும் எழுதுங்கள்.

துணை வினாவின் வலிமை பலருக்குத் தெரிவதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1892-ல் கேள்வி கேட்க மட்டும் உரிமை தந்தார்கள். பதிலின்மேல் இன்னொரு கேள்வி கேட்கும் உரிமை 1909-ல்தான் வந்தது. அது என்ன செய்யும் என்பதற்கு நம் நகரத்தோடு தொடர்புள்ள ஒரு வரலாறு உண்டு. 1957-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. மக்களவையில் முதலில் கேட்டபோது நேரான பதில் வரவில்லை. உறுப்பினர்கள் விடவில்லை. டிசம்பரில் ஆளும் கட்சி வரிசையிலிருந்தே ஃபெரோஸ் காந்தி எழுந்து, விவரங்களோடு பேசினார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் வெளிப்படையான விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் சென்னை தெற்குத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர். முதல் பதிலோடு உறுப்பினர்கள் அமர்ந்திருந்தால் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

எனவே உறுப்பினரிடம் கேள்வியோடு இரண்டு துணை வினாக்களையும் எழுதிக் கொடுங்கள். ஒன்று, எண் சொன்னால் கேட்க. மற்றது, எண் சொல்லாவிட்டால் கேட்க.

அமைச்சர் "செய்து முடிக்கப்படும்" என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைத் தொடர்ந்து பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, அமைச்சர் சொன்ன வாக்கியத்தையும் சொன்ன நாளையும் குறிப்பிட்டு அந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதும்படி உறுப்பினரைக் கேளுங்கள். பொதுமக்கள் நேரடியாக அணுகுவதற்கு மனுக்கள் குழு இருக்கிறது.

ஏழாம் படி: தணிக்கை அறிக்கை

செலவு முடிந்த பிறகு சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வரும். அதற்குக் காலம் பிடிக்கும். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் பற்றிய தணிக்கை அறிக்கை 2018 ஜூலையில்தான் பேரவையில் வைக்கப்பட்டது. அது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று அந்த அறிக்கை சொன்னது. இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொண்டு, துறைச் செயலர்களை வரவழைத்துக் கேட்கும்.

அறிக்கை முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மண்டலத்தின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பேட்டில், மூன்று தொகைகளுக்குக் கீழே எழுதுங்கள். உறுப்பினருக்குக் கொடுக்கும் அடுத்த கேள்வியை அந்தப் பத்தி எண்ணிலிருந்தே தொடங்கலாம்: "தணிக்கை அறிக்கையின் இந்தப் பத்தியில் சுட்டப்பட்ட தொகையில் இதுவரை எவ்வளவு மீட்கப்பட்டது?"