ஆய்வுக்கு ரத்தம் சேகரிக்கப் போகிறீர்களா? முதலில் டியூப்பைப் பாருங்கள்

நோயை முன்கூட்டியே காட்டும் குறியீட்டைத் தேடி எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களின் கண்ணெல்லாம் பெரிய இயந்திரத்தின் மேல்தான் இருக்கும். மாதிரிகளைப் பிரித்து ஃப்ரீசரில் அடுக்குவது என் வேலை. நான் கேட்கும் முதல் கேள்வி, “எந்த மூடி போட்ட டியூப்?” என்பதுதான்.

மரபணு மட்டும் போதும் என்றால் தலைவலி குறைவு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடி டியூப்பில், குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருந்தாலும் டி.என்.ஏ. தாக்குப்பிடிக்கும். பச்சை மூடி வேண்டாம்; அதிலுள்ள ஹெப்பாரின் என்ற உறைதடுப்பு மருந்து, டி.என்.ஏ.வைப் பல நகல்களாகப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுத்துவிடும்.

ஈயம் போன்ற சுற்றுச்சூழல் நச்சைத் தேடுகிறீர்களா? செல்களை நீக்கிய பின் மிஞ்சும் திரவமான பிளாஸ்மாவை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. புகைப்பழக்கத்தை அறிய நிகோட்டினை நம்ப வேண்டாம், சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடலில் நிகோட்டின் மாறி உருவாகும் கோட்டினின் பாதியாக ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும், அதை அளவிடுங்கள்.

புரதம், உடலின் வேதிவினைகளில் உருவாகும் வளர்சிதைப் பொருள்கள் என்று வந்தால் கடிகாரம்தான் எஜமான். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை. அதனால் ரத்தம் எடுத்த நேரம், செல்களைப் பிரிக்க மையவிலக்கியில் சுழற்றிய நேரம், ஃப்ரீசரில் வைத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். “காலையில்” என்று எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சீரம், அதாவது ரத்தம் கட்டியான பின் மிஞ்சும் திரவம், வேண்டுமானால் ரத்தத்தை 30 முதல் 60 நிமிடம் கட்டியாகவிட வேண்டும். அப்போது ரத்தத் தட்டணுக்கள், ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் போன்ற புரதங்களை வெளிவிடும். ஆகவே சிலருக்குச் சீரம், சிலருக்குப் பிளாஸ்மா என்று கலக்கவே கூடாது.

சுழற்றியதும் டியூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேலே வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியமும் எல்டிஹெச் என்ற நொதியும் வெளியேறி, அவற்றின் அளவு பொய்யாக ஏறும். அந்த நிறத்தையும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள். நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும், வெள்ளணுக்கள். பிப்பெட்டின் முனை அதைத் தொடாமல், கொஞ்சம் பிளாஸ்மாவை விட்டுவிட்டே எடுங்கள். பேராசை இங்கே ஆகாது. புற்றுக்கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடுபவர்கள் எஞ்சிய செல்களும் நீங்க அந்தப் பிளாஸ்மாவை இன்னும் வேகமாக மறுபடி சுழற்ற வேண்டும்.

அப்புறம் சிறுசிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கினால் பல புரதங்கள் பாழாகும். சாதாரண பேனா மை பனியில் அழிந்துபோகும். உறைகுளிர் லேபிள் ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வில்லங்கம் நோயாளி மாதிரியையும் ஆரோக்கியமானவர் மாதிரியையும் வேறு வேறு விதமாகக் கையாள்வது. 2002இல் லான்செட் இதழில், சீரம் புரதக் கோலத்தை வைத்தே சினைப்பைப் புற்றுநோயைப் பிரித்தறியலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. 50 நோயாளிகளில் 50 பேரும் சிக்கினார்கள்! தரவுகளைத் திரும்ப அலசிய புள்ளியியலாளர்கள், அந்த வித்தியாசங்களில் பெரும்பகுதி மாதிரிகளைக் கையாண்ட விதத்தால் வந்திருக்கலாம் என்று காட்டினார்கள்.

ஆகவே இரு தரப்பையும் ஒரே டியூப் வகையில், ஒரே கால இடைவெளியில் சேகரியுங்கள். மாதிரிகளை இட்டுச் சோதிக்கும் ஒவ்வொரு தட்டிலும் இரண்டையும் குலுக்கல் முறையில் கலந்து வையுங்கள், கூடவே எல்லாத் தட்டிலும் ஒரே ஒப்பீட்டு மாதிரி ஒன்று. என்னிடம் மாதிரிகளின் அடையாள எண்களை மட்டும் கொடுங்கள். யார் நோயாளி என்ற பட்டியல் உங்கள் புள்ளியியலாளரிடமே இருக்கட்டும்.