வாடகை வீட்டில் படம் மாட்டும்போது சுவரைக் கெடுக்கும் தவறுகள்

ஆணி அடித்தால்தான் சுவர் கெடும், டேப் ஒட்டினால் கெடாது என்று நம்பியே பலர் சுவரைப் பாழாக்குகிறார்கள். டேப் பிடிப்பது சுவரை அல்ல, பெயின்ட்டை. பெயின்ட் தன் அடியில் பூசிய பட்டியை (putty) பிடித்திருக்கிறது, பட்டி சிமென்ட் பூச்சைப் பிடித்திருக்கிறது. இதில் எது பலவீனமோ அது படத்தோடு சேர்ந்து கீழே வரும்.

ஒட்டும் முன் கறுப்புத் துணியால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி வந்தால் டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அதில் எந்த டேப்பும் நிற்காது. எமல்ஷனில் (துடைத்தால் பொடி வராத பெயின்ட்) நிற்கும், புதிதாக அடித்ததென்றால் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சோப்புத் தண்ணீரால் துடைக்காதீர்கள், அதன் படலமே ஒட்டவிடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஸ்ட்ரிப்பை (இழுத்துக் கழற்ற வால் வைத்த இருபக்க டேப்) 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் படத்தை மாட்டுங்கள். கழற்றும்போது நம் பக்கம் இழுத்தால் பெயின்ட் உரியும். வாலைச் சுவரை ஒட்டியபடியே நேர்கீழாக மெல்ல இழுத்தால் ரப்பர்போல நீண்டு தானே விட்டுவிடும்.

எடையைக் கண்ணால் அளப்பது அடுத்த தவறு. 2 அடிக்கு ஒன்றரை அடி படத்தில், 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே சுமார் 2 கிலோ. தேக்குச் சட்டம் போட்ட தஞ்சாவூர் ஓவியத்துக்கு டேப் வேண்டவே வேண்டாம்.

அதற்கு டிரில்தான். கான்கிரீட் ஆணியைச் சுத்தியலால் அடித்தால் 12 மி.மீ. பூச்சு நட்சத்திரம்போல வெடிக்கும், தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, 6 மி.மீ. பிட்டை முதலில் டிரில்லின் ஹேமரை (இடித்துத் துளைக்கும் முறை) போடாமல் சுழலவிடுங்கள். தூளைக் கவனியுங்கள்: சாம்பல் நிறம் என்றால் இன்னும் பூச்சு, சிவப்பு வந்தால் செங்கல். ஆழம் போன பிறகும் சாம்பலே வந்தால் பிட் செங்கற்களுக்கு நடுவே சாந்து இணைப்பில் போகலாம், இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். 50 மி.மீ. ஆழம் போதும். தூளை ஊதி எடுத்துவிட்டு, 30 மி.மீ. பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்) முழுவதும் செங்கல்லுக்குள் உட்காரும்படி தள்ளுங்கள். பூச்சிலேயே நின்றுபோன பிளக்தான் பின்னால் சுவர்க்கட்டியோடு பிடுங்கிக்கொண்டு வருவது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர்மேலேயும் நேர்கீழேயும் துளை போடவே கூடாது, உள்ளே ஒயர் குழாய் போகும்.

படத்தின் பின்கம்பியை விறைப்பாகக் கட்டுவது அழகாகத் தெரியும், ஆனால் கம்பி கிடைமட்டத்திலிருந்து 15 டிகிரி மட்டும் சாய்ந்திருந்தால் 5 கிலோ படம் கம்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் கிட்டத்தட்ட 10 கிலோ விசையில் இழுக்கும். 30 டிகிரி தளர்வு விட்டால் அது 5 கிலோவாகக் குறையும். ஒரு ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு போட்டால் படம் சாயவும் செய்யாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஊறும் வெளிச்சுவரில் தஞ்சாவூர் ஓவியத்தை மாட்டாதீர்கள். மரப்பலகை ஈரத்தில் உப்பினால் மேலிருக்கும் சுண்ணப்பூச்சும் தங்க ரேக்கும் விரிசல் விடும். உட்சுவரிலும் சட்டத்தின் கீழ்மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டிக் காற்றுக்கு வழி விடுங்கள். சுவரில் கறுப்புக் கோடும் விழாது.

வீட்டைக் காலி செய்யும்போது ஓட்டையில் பற்பசை அடைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. காய்ந்ததும் அது சுருங்கிக் குழி விழும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பட்டியை இரண்டு தடவையாக வைத்து, நன்றாகக் காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, மிச்சம் வைத்திருக்கும் அதே பெயின்ட்டைச் சின்ன ரோலரால் தொடுங்கள். பிரஷ்ஷால் தொட்டால் அந்த வட்டம் தனியாகத் தெரியும்.