பழைய சீன சாவி வாட்ச்: எந்த ஆலை, எந்தக் காலம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய சுவிஸ் வாட்ச் விலையைக் கேட்டு மலைத்துப் போனவர்கள் அடுத்துப் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் பழைய சீன வாட்ச்தான். விலை குறைவு, மெஷின் உழைக்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். கையில் வந்த பிறகுதான் திண்டாட்டம். டயலில் இருப்பது சீன எழுத்து. பின்மூடியிலும் சீன எழுத்து. விற்றவரைக் கேட்டால் "அறுபதுகளில் வந்தது சார்" என்பார். அவருக்கு எல்லாமே அறுபதுகள்தான்.

பெரிய சுவிஸ் கம்பெனிகளின் வாட்ச் என்றால் சீரியல் எண்ணைப் பட்டியலில் ஒப்பிட்டு ஆண்டைச் சொல்லிவிடலாம். சீன வாட்சில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். நமக்குக் கிடைக்கப் போவது ஆண்டு அல்ல, ஒரு காலப் பகுதி. "1970களின் பிற்பாதிக்கு முன் இல்லை, 1980களின் இறுதிக்குப் பின் இல்லை" என்று சொல்ல முடிந்தாலே நல்ல வேலை. "1967 மாடல்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் எதை வைத்துச் சொல்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு

இது தெரியாமல் அடுத்த படிகள் புரியாது. சீனாவில் கைக்கடிகாரம் செய்யும் முயற்சி 1955இல் தியான்ஜினிலும் ஷாங்காயிலும் தொடங்கியது. தியான்ஜினில் செய்த முதல் வாட்சின் பெயர் 'வூசிங்', அதாவது ஐந்து நட்சத்திரம். ஷாங்காய் ஆலை 1958இல் ஏ581 என்ற மாடலைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. நடுவில் இருக்கும் 58 அந்த ஆண்டைக் குறிப்பது. பிரதமர் சௌ என்லாய் கையில் கட்டியிருந்தது இந்த மாடல்தான். அதனாலேயே இன்று இதன் பெயரில் புதுப் பதிப்பும் உண்டு, போலியும் உண்டு.

அன்றைய சீனாவில் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டுச் சேர்க்கும் பொருள்களை 'மூன்று சுழலும், ஒன்று ஒலிக்கும்' என்பார்கள். சைக்கிள், தையல் மெஷின், கைக்கடிகாரம் மூன்றும் சுழல்பவை; ஒலிப்பது ரேடியோ. ஒரு ஷாங்காய் வாட்ச் 120 யுவான் விற்றது. சாதாரணத் தொழிலாளிக்கு அது சில மாதச் சம்பளம். காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் கிடைக்காது.

இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்க 1970களின் தொடக்கத்தில் அரசு ஒரு பொது மெஷினை வடிவமைக்கச் செய்தது. சீன மொழியில் இதை 'தோங்ஜி' என்பார்கள். சுவிட்சர்லாந்தின் எனிகார் கம்பெனி மெஷினைத் தழுவிய வடிவம் இது. நாடெங்கும் புதிதாக முளைத்த ஆலைகள் எல்லாம் இதே மெஷினைச் செய்தன. இன்று சந்தையில் கிடைக்கும் சீன சாவி வாட்சுகளில் ஏராளமானவை தோங்ஜி மெஷின் கொண்டவை. உங்கள் வாட்சில் இருப்பது தோங்ஜியா, அதற்கு முந்தியதா என்பதே முக்கியமான கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

படி 1: டயலைப் படியுங்கள்

சீனம் தெரிய வேண்டியதில்லை. அச்சு எழுத்தாக இருந்தால் போன் கேமராவின் மொழிபெயர்ப்பு வசதியே சொல்லிவிடும். சிக்கல் கையெழுத்து பாணியில் எழுதிய பெயர்களில்தான். அங்கே கேமரா திணறும். அப்போது வடிவத்தை வைத்துப் பிடிக்க வேண்டும்.

ஷாங்காய் என்பது இரண்டு எழுத்து. முதல் எழுத்தில் ஒரு கிடைக்கோட்டின் மேல் நெட்டுக்கோடு நிற்கும், அதன் வலப்பக்கம் நடுவில் ஒரு சின்னக் கோடு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது எழுத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மூன்று புள்ளிகள். நீர் தொடர்பான சொல் என்பதற்கு அடையாளம் அந்தப் புள்ளிகள். கையெழுத்து பாணியில் இந்த மூன்றும் ஒரே இழுப்பாகச் சேர்ந்துவிடும். ஆரம்பகால ஷாங்காய் டயல்களில் பெயர் கோணங்களோடு வரைந்த எழுத்தில் இருக்கும். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் (1966–76) மாவோவின் கையெழுத்து பாணி வந்து நிலைத்துவிட்டது. ஆகவே சாய்ந்து ஓடும் எழுத்தில் பெயர் இருந்தால் அந்த டயலை 1950கள் என்று சொல்லவே முடியாது.

தியான்ஜின் ஆலைக்குப் பெயர் மாற்றமே ஒரு காலக் கணக்கு. வூசிங்குக்குப் பின் 'வூயீ' (மே தினம்), 1966 முதல் 'தோங்ஃபெங்' (கீழைக் காற்று), ஏற்றுமதிக்காக 1970களின் முன்பாதியில் 'சீ கல்' (கடற்பறவை). அந்தப் பறவைச் சின்னம் டயலில் இருந்தால் அறுபதுகள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெய்ஜிங் ஆலையின் பழைய வாட்சுகளில் தியானன்மென் வாயில் சின்னம் இருக்கும். ஒன்றோடொன்று சேர்ந்த இரண்டு சாய்சதுரம் இருந்தால் அது 'ஷுவாங்லிங்', 1970களில் வந்த பெயர். நான்ஜிங் என்றால் 'சோங்ஷான்', சோங்சிங் என்றால் 'ஷான்செங்', லியாவ்னிங் என்றால் 'மயில்'. ஷாங்காய் நகரத்திலேயே இரண்டாவது ஆலையின் 'பாவ்ஷிஹுவா' என்ற தனிப் பெயரும் உண்டு. ஊர் ஷாங்காய் என்றதும் ஷாங்காய் பிராண்டு என்று எழுதிவிடாதீர்கள்.

படி 2: பின்மூடி

இங்கே பெரும்பாலும் ஆலையின் பெயர், ஒரு எண், கேஸ் எந்த உலோகம் என்ற குறிப்பு, அதிர்ச்சி தாங்கும் என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். உலோகக் குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்வது லாபம். 'முழு எஃகு' என்பதன் முதல் எழுத்தின் தலையில் இரண்டு சாய்கோடுகள் கூரை போலச் சேர்ந்திருக்கும். கூரைக்குக் கீழே மூன்று கிடைக்கோடுகள், அவற்றைக் குத்திச் செல்லும் ஒரு நெட்டுக்கோடு. 'அரை எஃகு' என்பதன் முதல் எழுத்தில் கூரை இருக்காது. உச்சியில் இரண்டு புள்ளிகள்தான். அரை எஃகு என்றால் மூடி மட்டும் எஃகு, கேஸ் பித்தளையில் குரோம் பூச்சு. ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் உள்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். பூச்சு உரிந்து மஞ்சள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மூடியில் முழு எஃகு என்றிருந்து காதில் மஞ்சள் தெரிந்தால் மூடியோ கேஸோ வேறு வாட்சிலிருந்து வந்தது.

மூடியின் எண்ணை வைத்து ஆண்டு கணக்கிட முயலாதீர்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

படி 3: திறப்பது

ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். மூடி விளிம்பில் வெட்டுப் பள்ளங்கள் இருந்தால் திருகு மூடி. ரப்பர் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் பல நேரம் வந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் சிறு உதடு இருந்தால் அழுத்து மூடி. அதற்கென்றே இருக்கும் மழுங்கல் கத்தி வேண்டும். சமையலறைக் கத்தி வேண்டாம், மூடியில் கீறல் விழும், சில சமயம் கையிலும். திறந்தபின் பேலன்ஸ் வீலையும் (முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கும் சக்கரம்) அதன் ஹேர் ஸ்பிரிங்கையும் (அதோடு சேர்ந்த முடி போன்ற சுருள் கம்பி) தொடாதீர்கள். உங்கள் ஊரில் பழைய வாட்ச் ரிப்பேர்காரர் யாராவது இருந்தால் இந்த ஒரு வேலையை அவரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

படி 4: மெஷின் என்ன சொல்கிறது

டயலை மாற்றலாம், கேஸை மாற்றலாம், முள்ளை மாற்றலாம். மெஷினில் பொறித்த குறியை மாற்ற யாரும் மெனக்கெடுவதில்லை. அதனால்தான் அதை நம்பலாம். குறி ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கும். பேலன்ஸ் வீலுக்கு அடியில் அல்லது அதன் ஓரத்தில் தேடுங்கள். வீல் மறைக்கும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும்.

'எஸ்எஸ்1' என்றால் ஷாங்காய், அந்த ஆலையின் ஏ581, ஏ611 மாடல்களின் வழியில் வந்த மெஷின். 'எஸ்டி5' என்றால் தியான்ஜின். 1966 வாக்கில் தோங்ஃபெங் வாட்சோடு வந்தது, அந்நிய மெஷினைப் பிரதி எடுக்காமல் சீனாவிலேயே வடிவமைத்தது. 'எஸ்பி5' பெய்ஜிங்கின் ஷுவாங்லிங். இந்தக் குறிகளில் இரண்டாவது எழுத்தே ஊரின் முதலெழுத்து என்பதைக் கவனியுங்கள். தோங்ஜி மெஷின்களில் பல ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்தான 'இசட்'டில் தொடங்கும். 'இசட்எஸ்எச்' என்றால் ஷாங்காய் செய்த தோங்ஜி.

ஜுவல் (உராய்வைக் குறைக்க மெஷினில் பதிக்கும் சின்னக் கல்) எண்ணிக்கையையும் பாருங்கள். சாவி வாட்சில் 17, 19 வழக்கமானவை. டயலில் 17 என்று போட்டு மெஷினில் 19 என்றிருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல.

படி 5: சத்தத்தை எண்ணுங்கள்

இது எனக்குப் பிடித்த படி, செலவே இல்லாதது. வாட்சைத் திறக்கப் பயப்படுபவர்களும் செய்யலாம். சாவி கொடுத்து, போனின் மைக் மேல் வைத்து, அமைதியான அறையில் பத்து நொடி பதிவு செய்யுங்கள். பதிவை மெதுவாக ஓட்டி 'டிக்'குகளை எண்ணுங்கள், அல்லது அலைக்கோட்டில் முகடுகளை எண்ணுங்கள். 50 வந்தால் மணிக்கு 18,000 துடிப்பு. ஏ581 இந்த வேகத்தில்தான் ஓடும். 60 வந்தால் 21,600. இது தோங்ஜியின் வேகம்.

விற்பவர் ஏ581 என்கிறார், எண்ணினால் 60 வருகிறது என்றால் மூடியைத் திறக்காமலே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஏலத் தளத்தில் வாங்குவதானால் வாட்ச் ஓடும் வீடியோவைச் சத்தத்தோடு கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் அனுப்பிவிடுவார்.

படி 6: எதையெல்லாம் நம்பக் கூடாது

மாவோ கையசைக்கும் படம் போட்ட டயல் சுற்றுலாப் பயணிகளுக்கான நினைவுப்பொருள். 'மக்களுக்குச் சேவை செய்' என்ற சிவப்பு வாசகம் போட்டவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் அச்சடித்த டயல்கள். எச்எம்டி தேடி அலைந்தவர்களுக்கு இந்த மறு அச்சு டயல் வியாபாரம் பழக்கமானதுதான். அடையாளமும் அதே: பெயின்ட் புதுசாகப் பளபளக்கும், ஆனால் நிமிடக் கோடுகள் சீராக இருக்காது, எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும்.

'1963' என்று விற்கும் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி கொண்ட) வாட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீன விமானப் படைக்காக 1961இல் தியான்ஜின் ஆலையில் '304 திட்டம்' தொடங்கியது உண்மை. சுவிஸ் வீனஸ் 175 மெஷினை அடிப்படையாகக் கொண்டு, அந்தக் கம்பெனியின் இயந்திரங்களையும் வாங்கிச் செய்தார்கள். அந்த அசல் வாட்சுகள் வெகு குறைவு. இன்று சிவப்பு நட்சத்திரத்தோடு கிடைப்பவை இந்த நூற்றாண்டில் எஸ்டி19 மெஷின் போட்டுச் செய்த மறுபதிப்புகள். நல்ல வாட்ச், தாராளமாக வாங்கலாம், பழையது என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள். பின்மூடியில் கண்ணாடி வழியே மெஷின் தெரிந்தால் விவாதமே தேவையில்லை.

இன்னொன்று, கலவை வாட்ச். தோங்ஜி பொது வடிவம் என்பதால் ஓர் ஆலையின் மெஷின் இன்னோர் ஆலையின் கேஸில் எளிதாக உட்காரும். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தபின் 1990களில் பல ஆலைகள் மூடப்பட்டன. மிச்சமிருந்த உதிரிகளைச் சேர்த்து 'பயன்படுத்தாத பழைய சரக்கு' என்று விற்பது அங்கே நடக்கும் தொழில். குறைந்த விலைக்குக் கிடைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். சேகரிப்பாளர் விலை கேட்டால் மட்டும் தள்ளிப் போங்கள்.

படி 7: காலத்தைக் கட்டுவது

வாட்சின் வயது அதில் கடைசியாகச் சேர்ந்த பாகத்தின் வயது. ஒவ்வொரு பாகத்துக்கும் 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று ஒரு வரம்பை எழுதுங்கள். அவற்றில் ஆகப் பிந்தியதுதான் உங்கள் தொடக்க ஆண்டு.

ஓர் உதாரணம். சாய்ந்த கையெழுத்தில் ஷாங்காய், டயலில் 17 ஜுவல், மூடியில் முழு எஃகு, காதில் மஞ்சள் இல்லை, பத்து நொடிக்கு 60 டிக், மெஷினில் 'இசட்எஸ்எச்'. டயல் 1966க்குப் பின். மெஷின் தோங்ஜி, எனவே 1970களுக்கு முன் இல்லை. ஆலைகள் சுருங்கிப்போன காலம் மறு எல்லை. மெஷினிலும் 17 என்றே இருந்தால் பாகங்கள் முரண்படவில்லை. சேகரிப்பு அட்டையில் இப்படி எழுதலாம்: "ஷாங்காய் ஆலை, இசட்எஸ்எச், 17 ஜுவல், முழு எஃகு. 1970கள்–1980கள். டயல் அசல்போல் தெரிகிறது. ஸ்ட்ராப்பும் கண்ணாடியும் மாற்றியவை." அட்டையோடு மெஷினின் படத்தையும் சேர்த்து வையுங்கள். பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.